தன் பிள்ளையும் பிறர் பிள்ளையும்

ஒரு தந்தை தன் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாயிலில் நிற்கிறான். உள்ளே இருப்பவர், "உன் குழந்தைக்கு இங்கே இடமில்லை, உன் கூட்டத்தாருக்கென்று வேறு பள்ளி உண்டு, அங்கே போ" என்கிறார். அத்தந்தை கூறத்தக்க விடைகள் இரண்டு. "ஐயா, தாங்கள் விலக்கிவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லேன் நான், ஆதலின் என் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பது ஒன்று. "எந்தக் குழந்தையையும் இவ்வாறு விலக்கிவைக்க எவருக்கும் உரிமையில்லை" என்பது மற்றொன்று.

முதல் விடை எளிது. உடனே பயன் தருவது போலவும் தோன்றும். இரண்டாவது விடை அரிது. அதைக் கூறுவோன் தன்னைப் போன்றோர்க்கு மட்டுமன்றி, தான் கண்டும் பேசியும் அறியாத மக்களுக்கும் வழக்காடுபவன் ஆகிறான். இவ்விரண்டனுள் அறத்தோடு பொருந்துவது எது? தன் பிள்ளையின் நலத்தை நாடும் பெற்றோரைப் பார்த்து, "பிறர் பிள்ளைக்காகவும் பேசு" என்று கேட்பது நியாயமாகுமா? இவ்வினாக்களை வெறும் தருக்கத்தால் தீர்த்துவிட முடியாது. மாந்தர் உண்மையில் எவ்வாறு நடந்தனர், அதனால் யாது விளைந்தது என்பதைப் பார்த்தே தெளிதல் வேண்டும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறிய மக்கள் தம் பிள்ளைகளின் கல்விக்காக நடத்திய வழக்குகள் நல்ல சான்றாக அமைகின்றன.

தனித்து நின்றோர்

1884ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் மேமி டேப் என்னும் எட்டு வயதுச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தனர். அவள் அந்நாட்டிலேயே பிறந்தவள். எனினும் அவளுடைய பெற்றோர் சீனத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1885ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம், சீனப் பிள்ளைகளை விலக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. வெற்றி கிட்டிற்று, ஆனால் அது எத்தனை நாள் நின்றது? மாநிலச் சட்டமன்றம் உடனே சட்டத்தைத் திருத்திச் சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்க வழிசெய்தது. வழக்கில் வென்ற சிறுமி அத்தனிப் பள்ளிக்கே போக நேர்ந்தது. அவளுக்காக அந்நாளில் வேறு எக்கூட்டத்தாரும் பெருந்திரளாக எழுந்து நின்றதாக வரலாறு கூறவில்லை.

1906ஆம் ஆண்டில் அதே நகரத்துக் கல்விக் குழு, ஜப்பானியப் பிள்ளைகளையும் அத்தனிப் பள்ளிக்கு அனுப்ப ஆணையிட்டது. அவர்கள் நூற்றுவர்கூட இல்லை, 93 பேரே. ஆயினும் ஜப்பான் அப்போது உருசியாவைப் போரில் வென்றிருந்த வல்லரசு. அவ்வரசு கண்டனம் தெரிவிக்கவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டு 1907ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு செய்தார். ஜப்பானியப் பிள்ளைகள் பொதுப் பள்ளிக்குத் திரும்பினர். அதற்கு ஈடாக, கூலித்தொழிலாளர் அமெரிக்கா செல்வதை ஜப்பானிய அரசு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டது. சீனப் பிள்ளைகளோ தனிப் பள்ளியிலேயே விடப்பட்டனர். ஒரு கூட்டத்தார் தம் அரசின் வலிமையால் வெளியேறினர். வலிய அரசின் துணையில்லாதவர் உள்ளே கிடந்தனர். அவ்வெளியேற்றமும் நிலைக்கவில்லை. 1921ஆம் ஆண்டில் கலிபோர்னியச் சட்டத்தில் ஜப்பானியர் பெயரும் சேர்க்கப்பட்டது. சாக்ரமெண்டோ ஆற்றை அடுத்த ஊர்கள் சிலவற்றில் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் ஏற்பட்டன.

மூன்றாவது வழக்கு நம் வினாவுக்கு இன்னும் நெருங்கியது. மிசிசிப்பி மாநிலத்தில் ரோஸ்டேல் என்னும் ஊரில் காங் லம் என்ற சீன வணிகர் மளிகைக் கடை நடத்திவந்தார். 1924ஆம் ஆண்டில் அவருடைய மகள் மார்த்தாவை வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டனர். அவர் சார்பில் எழுந்த வாதம், "பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரித்தல் தவறு" என்பதன்று, "நாங்கள் கறுப்பினத்தார் அல்லேம், அவர்களோடு எங்களைச் சேர்க்கலாகாது" என்பதே. 1927ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நடுவர் அனைவரும் ஒருமனதாக அவ்வாதத்தைத் தள்ளினர். கறுப்பினப் பிள்ளைகளைத் தள்ளிவைக்கப் பயன்பட்ட கோட்பாடே சீனச் சிறுமியையும் தள்ளிவைத்தது. பிறர்மேல் அடைக்கப்பட்ட கதவைச் சரியென்று ஒப்புக்கொண்ட பின்னர், அது தம்மேல் அடைக்கப்படும்போது முறையிட அவரிடம் சொல் இல்லாது போயிற்று.

இம்மூன்று வழக்குகளாலும் பெறப்படுவது ஒன்று. விலக்கப்படுவோர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பதனால் பட்டியல் ஒழிவதில்லை. அடித்த பெயரை மீண்டும் எழுதும் எழுதுகோல் பட்டியலை வைத்திருப்பவன் கையிலேயே இருக்கிறது.

ஒரு பண்ணையின் கதை

இனி, வேறு வகையாக நடந்த ஒரு வழக்கைக் காண்போம். 1942ஆம் ஆண்டில், ஜப்பானோடு போர் மூண்டதைக் காரணமாகக் கூறி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினரை வீடு வாசலினின்றும் பெயர்த்துக் காவல் முகாம்களில் அடைத்தனர். அவ்வாறு அடைபட்டோர் ஏறத்தாழ 1,20,000 பேர். அவர்களுள் மூன்றில் இருவர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் 40 ஏக்கர் நிலத்தில் பயிரிட்டுவந்த முனெமிட்சு குடும்பத்தாரும் அவர்களோடு அரிசோனா பாலைவனத்து முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஆசியாவிலிருந்து குடியேறியவர் நிலம் வாங்கக்கூடாது என்னும் சட்டம் இருந்தமையால், அந்நிலம் அங்கே பிறந்த மகனின் பெயரில் இருந்தது. உழுவோரின்றி அழிந்துபோகாமல் இருக்க அந்நிலத்தைக் குத்தகைக்கு விட்டனர். எடுத்தவர்கள் கொன்சாலோ மெண்டெஸ், பெலிசித்தாஸ் மெண்டெஸ் என்னும் தம்பதியர். கணவர் மெக்சிக்கோவில் பிறந்தவர். மனைவி போர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தவர்.

1944ஆம் ஆண்டில் அவர்களுடைய பிள்ளைகளை அத்தை, தம் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அத்தையின் பிள்ளைகள் வெளிர்நிறத்தவர். அவர்களுடைய குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர் போல ஒலிப்பது. அவர்களைச் சேர்த்துக்கொள்ள இசைந்தனர். மெண்டெஸ் பிள்ளைகளை மட்டும் மெக்சிக்கர் பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அத்தை செய்தது யாது? "என் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது போதும்" என்று அவர் அமையவில்லை. தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். இவ்வரலாறு முழுவதற்கும் வித்து அச்செயலிலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

கொன்சாலோ ஊர் ஊராகச் சென்று பிற பெற்றோரைத் திரட்டினார். அவர் அலைந்த நாட்களில் பெலிசித்தாஸ் பண்ணையை நடத்தினார். வழக்குச் செலவுக்கு அப்பண்ணையின் விளைச்சல் உதவிற்று. 1945ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐந்து குடும்பங்கள், ஏறத்தாழ 5,000 பேரின் சார்பில், நான்கு பள்ளி மாவட்டங்களின்மேல் வழக்குத் தொடுத்தன. டேவிட் மார்க்கஸ் என்பவர் அவர்களுக்கு வழக்கறிஞர்.

ஆனால் அவருடைய வாதத்தின் அடிப்படை குறுகியது. இந்தியப் பழங்குடியினர், சீனர், ஜப்பானியர், மங்கோலியர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்க மாநிலச் சட்டம் இடந்தந்தது; அப்பட்டியலில் மெக்சிக்கர் பெயர் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு மெக்சிக்கரும் வெள்ளையரே. ஆதலின் அவர்களைப் பிரித்தல் சட்டத்துக்குப் புறம்பு என்பதே அவர் எடுத்துக்கொண்ட நிலை. அஃதாவது, எந்தக் குடும்பத்தின் நிலத்து விளைச்சலால் அவ்வழக்கு நடந்ததோ, அக்குடும்பத்தின் பெயர் இருந்த பட்டியலை அவ்வாதம் தொடவேயில்லை. எனினும் மார்க்கஸ் அவ்வளவில் நிற்கவில்லை. பிரித்துவைத்தலே பிள்ளைகளின் கல்வியையும் மனத்தையும் கெடுக்கிறது என்று அறிஞரைக்கொண்டு சான்று கூறச் செய்தார். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஆங்கிலத்திலேயே சாட்சி கூறி, "மொழி தெரியாதவர்களாதலால் பிரித்தோம்" என்ற அதிகாரிகளின் கூற்றைப் பொய்யாக்கினாள். 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவர் பால் மக்கார்மிக், பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார்.

பள்ளி மாவட்டங்கள் மேல்முறையீடு செய்தன. அப்போதுதான் கருதத்தக்க நிகழ்ச்சி நடந்தது. வழக்கில் நேரே தொடர்பில்லாதார் பலர், நீதிமன்றத்திற்கு நண்பர் என்ற முறையில் எழுத்து மூலம் வாதம் அளிக்க முன்வந்தனர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் வந்தது. அதன் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், இராபர்ட் கார்ட்டர் ஆகியோர். அமெரிக்க யூதக் காங்கிரசு வந்தது. குடியுரிமைகளுக்கான சங்கம் வந்தது. முகாம்களின் கொடுமையை நுகர்ந்த மக்களின் ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் சங்கமும் வந்தது. மெக்சிக்கப் பிள்ளைகள் வெள்ளையரே என்ற வாதம் வெல்வதனால் இவர்களுள் எவருக்கும் ஊதியமில்லை. ஆயினும் அவர்கள், "எங்கள் வழக்கு வேறு, உங்கள் வழக்கு வேறு" என்று கூறி விலகவில்லை. கறுப்பினச் சங்கத்தார், தாமே கூறவேண்டிய பெரும் வாதத்தைக் கூறினர்: பிரித்துவைத்தல் எவரைக் குறித்து நிகழினும் அது சமத்துவத்திற்குப் பகை.

1947ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மேல்முறையீட்டு நடுவர் எழுவரும் ஒருமனதாகப் பெற்றோர்க்கே வெற்றி தந்தனர். பெரும் வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. பட்டியலில் மெக்சிக்கர் இல்லை என்னும் குறுகிய காரணத்தையே ஏற்றனர். ஆனால் எழுந்த குரல் வீண்போகவில்லை. இரண்டே மாதங்களில், பட்டியலையே நீக்கும் சட்டத்தில் ஆளுநர் எர்ல் வாரன் கையொப்பமிட்டார். பழங்குடியினர், சீனர், ஜப்பானியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் விலக்கு நீங்கிற்று. இதே வாரன், 1942ஆம் ஆண்டில் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்து ஜப்பானிய மரபினரை முகாமுக்கு அனுப்ப வற்புறுத்தியவர். இவரே 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், உச்ச நீதிமன்றத் தலைமை நடுவராக அமர்ந்து, பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்புக்கு மாறானது என்னும் தீர்ப்பைப் படித்தார். அவ்வழக்கில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக வாதாடியோர் அதே மார்ஷலும் கார்ட்டரும் அவர்தம் தோழருமே.

முனெமிட்சு குடும்பத்தார் முகாமிலிருந்து மீண்டு தம் நிலத்தைப் பெற்றனர். சிறிது காலம் இரு குடும்பங்களும் அப்பண்ணையிலேயே சேர்ந்து வாழ்ந்தன. சிறைப்பட்டவரின் நிலம் விலக்கப்பட்டவர்க்கு வழக்குப் பொருள் ஆயிற்று. விலக்கப்பட்டவரின் வழக்கு, சிறைப்பட்டவரின் பிள்ளைகளுக்கு எதிரான சட்டம் நீங்க வழியாயிற்று. ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

குறுகிய வாதம் குற்றமா?

இங்கே ஓர் ஐயம் எழும். மெண்டெஸ் குடும்பத்தார் "நாங்கள் வெள்ளையர்" என்ற வாதத்தால் வென்றனர். காங் லம் "நாங்கள் கறுப்பர் அல்லேம்" என்ற வாதத்தால் தோற்றார். இரண்டும் ஒன்றேயன்றோ? வென்றதனால் ஒன்று அறமும், தோற்றதனால் மற்றொன்று மறமும் ஆகுமா?

ஆகா. வெற்றி தோல்வியைக்கொண்டு அறத்தை அளத்தல் கூடாது. மெண்டெஸ் வழக்கின் வாதத்திலும் ஒரு குறை இருந்தது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டற்கும் வேறுபாடு உண்டு. பிறரை இழிவுபடுத்தாமல் தன் உரிமையைக் கேட்பது ஒன்று. பிறர் இழிவின்மேல் தன் உரிமையைக் கட்டுவது மற்றொன்று. குழந்தை வளர்கிறது, சட்டம் முழுதும் திருந்தும்வரை அதன் படிப்பு காத்திருக்காது. ஆதலின் கையில் கிடைத்த சட்டத்தைப் பற்றிக்கொண்டு கதவைத் தட்டும் பெற்றோரைக் குற்றங்கூற நமக்கு வாயில்லை. ஆனால், "அவர்களைத் தள்ளுவது சரிதான், எங்களைத் தள்ளுவதுதான் பிழை" என்று கூறுவோன், தன்னைத் தாக்கிய கோலையே பிறரை நோக்கித் திருப்பிக் கொடுக்கிறான்.

கூட்டணியின் அறம் இங்கேதான் விளங்குகிறது. வாயிலில் நிற்கும் பெற்றோர், தம் அவசரத்தால் சிறிய வாதத்தையே கூறவியலும். அருகில் வந்து நிற்கும் பிறர் அவசரமின்றிப் பெரிய வாதத்தைக் கூறலாம். ஒருவர் தனித்துச் சுமக்க மாட்டாத உண்மையைப் பலர் பங்கிட்டுச் சுமப்பதே கூட்டணி. வெறும் எண்ணிக்கை பெருக்குவது மட்டும் அதன் பயன் அன்று.

"கூட்டணி என்பது தன்னலமே, இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ என்னும் வாணிகம்" என்று கூறுவோர் உளர். தன்னலம் ஒருசிறிதும் கலவாத மனித முயற்சி அரிது. கறுப்பினச் சங்கத்தார் மெண்டெஸ் வழக்கில் தம் பெருவழக்கிற்கு ஒத்திகை பார்த்தனர் என்பதும் மெய்யே. ஆனால் நோக்கத்தின் தூய்மையை எவ்வாறு அறிவது? ஒருவனுக்குத் தன் கதவு திறந்தபின் அவன் என்ன செய்கிறான் என்பதைக்கொண்டே அறியலாம். வாணிகன் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொள்வான். அத்தையைப் போன்றவர் திரும்பி வெளியே வருவர்.

பெயரற்ற பிள்ளைகள்

இக்கொள்கைக்குக் கடுஞ்சோதனை பின்னர் வந்தது. இதுகாறும் கூறிய பிள்ளைகளுக்கு அந்நாட்டில் வாழும் உரிமையேனும் இருந்தது. அவ்வுரிமையும் இல்லாத பிள்ளைக்குப் பேசுவோர் யார்? 1975ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலம், சட்டப்படி நாட்டிற்குள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தருவதில்லை என்றும், பள்ளிகள் அவர்களை மறுக்கலாம் என்றும் சட்டம் இயற்றிற்று. டைலர் நகரத்துப் பள்ளி மாவட்டம் 1977ஆம் ஆண்டில், அத்தகைய பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. கூலிவேலை செய்யும் பெற்றோர்க்கு அது, வராதே என்று கூறுவதற்கு ஒப்பாகும். நான்கு குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. மெக்சிக்க அமெரிக்கரின் சட்டப் பாதுகாப்பு நிதியம் அவர்களுக்கு வாதாடிற்று. அவர்கள் தம் உண்மைப் பெயரையும் கூற இயலாது, புனைபெயராலேயே வழக்காடினர். பிறர் கண்ணிற் படாதிருக்க, நடுவர் விசாரணையை அதிகாலை ஆறு மணிக்கு வைத்தார். அன்றே நாடு கடத்தப்படலாம் என்றஞ்சி, தட்டுமுட்டுப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டே அவர்கள் நீதிமன்றத்திற்கு வந்தனர்.

1982ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற அளவில் அப்பிள்ளைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எல்லை கடந்தவர் பெற்றோர். பிள்ளையோ அச்செயலைத் தேர்ந்தெடுத்ததுமன்று, மாற்ற வல்லதுமன்று. அதனைத் தண்டித்து எழுத்தறியாத ஒரு கூட்டத்தை நாட்டுக்குள் உண்டாக்குதல் தகாது என்று நடுவர் பிரென்னன் எழுதினார். மறுத்த நால்வர் சார்பில் எழுதிய தலைமை நடுவர் பர்கரும், பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வியை மறுப்பது அறிவுடைய சமுதாயத்திற்கு ஒவ்வாது என்பதை மறுக்கவில்லை. அதைத் தீர்மானித்தல் நீதிமன்றத்தின் வேலையன்று என்றே கூறினார். வழக்கில் தோற்ற பள்ளிக் கண்காணிப்பாளரும் பல்லாண்டு கழித்து, தாம் தோற்றது நன்றே என்று கூறினார்.

"நாட்டின் பொருள் நாட்டு மக்களுக்கே முதலில் ஆகவேண்டும்; வேலி தாண்டி வந்தவனுக்குப் பந்தியில் இடம் தரலாமா?" என்பது எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. ஒரு நாட்டிற்கு எல்லை வகுக்கும் உரிமை உண்டு, பொருளும் அளவுடையதே. ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணுதல் வேண்டும். அப்பெற்றோரும் வீட்டு வாடகையிலும் வாங்கும் பொருளிலும் வரி செலுத்துவோரே. அவர்கள் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, அவர்கள் பிள்ளையை மட்டும் அயலானெனத் தள்ளுதல் நேர்மையன்று. இது முதலாவது. இரண்டாவது இதனினும் பெரியது. யாருக்குப் பிறந்தது, எங்கே பிறந்தது என்னும் காரணம் கொண்டு குழந்தையைத் தண்டித்தல் யாது என்பதை நம் வாசகர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறப்பு எவருடைய குற்றமும் அன்று. இதனை நமக்காகக் கேட்கும்போது மட்டும் உண்மையென்று கொண்டு, கடல் கடந்த நாட்டுப் பிள்ளைக்கு வரும்போது மறந்துவிடின், நாம் அக்கொள்கையை நம்பியவர் ஆகோம். அதைக் கருவியாகக் கையாண்டவர் ஆவோம்.

தீர்ப்புகளே முடிவு என்று கருதலாகாது. 1994ஆம் ஆண்டில் கலிபோர்னிய வாக்காளர் நூற்றுக்கு 59 பேர், அத்தகைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கும் தீர்மானத்துக்கு வாக்களித்தனர். நீதிமன்றம் தடுத்தமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாற்ற விரும்புவோர் இன்றும் உளர். சட்டத்தால் நீங்கிய பிரிவினை, குடியிருப்பாலும் வறுமையாலும் பல ஊர்களில் திரும்பி வந்திருக்கிறது. எனவே வாயிலில் நிற்கும் தந்தை இன்னும் நின்றுகொண்டேயிருக்கிறான்.

அவன் எவ்விடை கூறினாலும் அவனை நாம் இகழ வேண்டா. அவன் கை குழந்தையின் கையைப் பற்றியிருக்கிறது; அவன் மனம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய விடையைக் கூறவேண்டிய கடமை முதலில் அவனுடையதன்று. ஏற்கெனவே உள்ளே இடம்பெற்றவர்களுடையது. அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் தம் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தும் அதனை ஏற்காமல், தம் சகோதரர் பிள்ளைகளோடு தெருவில் இறங்கி நடந்த அப்பெண்மணியிடம் சட்டநூல் அறிவு இருந்ததில்லை. சில பிள்ளைகளுக்குத் திறந்து சில பிள்ளைகளுக்கு மூடும் கதவு எவருக்கும் திறந்த கதவன்று என்பதை மட்டும் அவர் அறிந்திருந்தார். அவ்வறிவு போதுமானதாக இருந்தது.